பீரோ சாவி பீரோ மேலேயா? வீட்டில் நகை, பணம் ஒளித்து வைப்பதில் நடக்கும் தவறுகள்

வீட்டின் பூட்டை உடைத்து இத்தனை பவுன் கொள்ளை என்ற செய்தி வராத நாள் குறைவு. ஊரும் பவுன் கணக்கும்தான் மாறும், மற்ற விவரம் அநேகமாக ஒன்றுதான். முன்கதவைக் கம்பியால் நெம்பி உள்ளே வந்தவர்கள், பீரோவை மட்டும் சாவி போட்டு நிதானமாகத் திறந்திருப்பார்கள். அந்தச் சாவி பீரோ மேலேயோ, பக்கத்து ஆணியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ, மெத்தைக்கு அடியிலோ இருந்திருக்கும்.

அடிப்படைக் கோளாறு இதுதான். ஒளித்து வைக்கும் இடத்தைத் திருடனை நினைத்து யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, நம் வசதியை நினைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். கை எட்ட வேண்டும், அவசரத்துக்கு எடுக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது. இதெல்லாம் பொருந்துகிற இடங்கள் ஒரு வீட்டில் ஏழெட்டு இருந்தால் அதிகம். திருடனும் நம்மைப் போல ஒரு வீட்டில் வளர்ந்தவன்தானே? அவன் அம்மாவும் அரிசி டிரம்மில்தான் சிறுவாட்டுப் பணம் வைத்திருப்பார்.

பீரோ என்னும் பழக்கம்

இரும்பு பீரோவைப் பாதுகாப்புப் பெட்டி என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அது துணி வைக்கும் அலமாரி. உள்ளே இருக்கும் சின்ன லாக்கரின் தகடு, கதவை நெம்பிய அதே கம்பிக்கு ஈடு கொடுக்காது. இருந்தாலும் வீட்டில் இருக்கும் மொத்த நகை, ரொக்கம், நிலப் பத்திரம், பாஸ்போர்ட் எல்லாம் அந்த ஒரு லாக்கரில்தான் இருக்கும். ஒரே இடத்தைத் திறந்தால் எல்லாம் முடிந்தது.

பீரோவை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். சென்னைப் பக்கம் போலீஸ்காரர்கள் 'பீரோ புல்லிங்' என்று ஒரு வகைத் திருட்டைச் சொல்வார்கள். காற்றுக்காகத் திறந்து வைத்த ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டு, பீரோவை ஜன்னல் அருகே இழுத்து, வெளியில் நின்றபடியே திறந்து எடுத்துக்கொண்டு போவது. வீட்டுக்காரர்கள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பீரோ ஜன்னல் ஓரம் வேண்டாம். சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

சரி, வேறு எங்கே வைப்பது? இதற்குச் சமையலறை என்று பதில் சொல்பவர்கள் ஏராளம். அரிசி டிரம்மைத் தரையில் கவிழ்க்க ஒரு நிமிடம் போதும், துவரம்பருப்பு டப்பாவுக்கு அதுகூட வேண்டாம். சேலை மடிப்பு, தலையணை உறை, காலண்டருக்குப் பின்பக்கம், பரண் மேல் பழைய சூட்கேஸ் எல்லாமே பழகிய இடங்கள்தான். திருட்டு நடந்த வீட்டில் சாமான்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பது இதனால்தான்.

எந்த இடமும் கண்டுபிடிக்க முடியாத இடம் இல்லை. ஒளித்து வைப்பதால் கிடைப்பது நேரம் மட்டும்தான். உள்ளே வந்தவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் பயம், பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தாலே கிளம்பிவிடுவான். அதனால் நகையை இரண்டு மூன்று இடமாகப் பிரித்து, படுக்கையறைக்கு வெளியே, தேட அலுப்பான இடங்களில் வைப்பது பலன் தரும். பீரோவில் கொஞ்சம் கவரிங் நகையும் சில நூறு ரூபாயும் விட்டு வைப்பது சிலருடைய தந்திரம். கையில் ஏதோ கிடைத்துவிட்டால் அவன் அத்தோடு போகக்கூடும் என்ற கணக்கு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆன்லைனில் வாங்கும் சின்ன எலக்ட்ரானிக் லாக்கர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றின் பின்பக்கமும் அடியிலும் ஓட்டைகள் இருப்பது சுவரிலோ தரையிலோ போல்ட் போடத்தான். போடாமல் அலமாரியில் சும்மா வைத்தால், திருடனுக்கு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டிக் கொடுத்த மாதிரி. கம்பெனி போட்டுத் தரும் தொடக்க எண்ணை மாற்றாமல் விடுவதும், அவசரச் சாவியைப் பீரோவில் போட்டு வைப்பதும் கூடவே நடக்கும் தவறுகள்.

ஒளித்தது நமக்கே கிடைக்காமல் போவது

திருடன் வராமலேயே நகை காணாமல் போகிற வீடுகளும் உண்டு. பழைய துணி மூட்டையில் சுற்றி வைத்த வளையல் குப்பை வண்டியில் போய்விடும். தூய்மைப் பணியாளர்கள் குப்பையைக் கிளறித் தேடி எடுத்து, உரியவரிடம் ஒப்படைத்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. போகிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய தலையணையும் மெத்தையும் வெளியே போகும். காயலான் கடைக்குப் பித்தளை அண்டா போகும். உள்ளே இருப்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்து, அவர் அன்றைக்கு ஊரில் இல்லையென்றால் போனது போனதுதான்.

வயதானவர்கள் வைத்த இடத்தை மறந்துவிட்டு வேலைக்கு வரும் அம்மா மேல் சந்தேகப்படுவது இன்னும் மோசம். ஒரு ஏழைப் பெண் போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்த பிறகு, நகை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் கிடைத்து என்ன பயன்? வைத்த இடம் வீட்டில் இன்னொரு ஆளுக்கு, நம்பிக்கையான ஒரே ஒருவருக்கு, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ரொக்கத்துக்கு வேறு எதிரிகளும் இருக்கிறார்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, கணவருக்குத் தெரியாமல் சேர்த்த பணமெல்லாம் டப்பாவை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளம் தரைத்தள வீடுகளின் அலமாரிக்குள்ளேயே புகுந்தது. அப்புறம் கரையான். கரையான் தின்ற நோட்டை வங்கியில் மாற்றலாம்தான், ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி 50 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுகளில் கிழியாமல் மிஞ்சிய பெரிய துண்டு, நோட்டின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழு மதிப்பு. 40க்கும் குறைந்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரு மாதச் செலவுக்கு மேல் ரொக்கத்தை வீட்டில் வைப்பது எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

வாசலே சொல்லிக் கொடுக்கும்

நகையை எங்கே வைத்தாலும், ஆள் இல்லை என்று வீடே அறிவித்துக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை. கேட்டுக்கு வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பூட்டு, இரண்டு நாளாகக் கோலம் போடாத வாசல், குவிந்து கிடக்கும் பேப்பர், பகலிலும் எரியும் வாசல் விளக்கு. நோட்டம் விடுபவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பூட்டை உள்பக்கமாகப் போடுங்கள், பால், பேப்பரை நிறுத்தச் சொல்லுங்கள், வாசல் தெளிக்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீடு பற்றி முன்கூட்டியே உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்தால் ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள். சாவியைச் செருப்பு ஸ்டாண்டிலும் பூந்தொட்டியிலும் வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குலதெய்வக் கோயில் போட்டோவை ஊர் திரும்பிய பிறகு ஸ்டேட்டஸில் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

வங்கி லாக்கர் இருந்தும் நகை போன வீடுகளில் ஒரு காரணம் அடிக்கடி வரும்: கல்யாணத்துக்காக எடுத்து வந்தோம், திரும்ப வைக்க நேரமில்லை. முகூர்த்த மாதங்களில் லாக்கர் நகையும் மொய்ப் பணமும் சேர்ந்து வீட்டில் கிடக்கும். வந்து போனவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கல்யாணத்துக்கு மறு வேலைநாளே யாராவது ஒருவர் வங்கிக்குப் போவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

லாக்கரையும் அளவோடுதான் நம்ப வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது ஒரு ஆரத்துக்கே பத்தாமல் போகலாம். லாக்கரில் ரொக்கம் வைக்கவும் கூடாது. இருந்தாலும் பீரோவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டு பாலிசி தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படி ஏதாவது நடந்து ஏழு நாளுக்குள், அதன் விளைவாக நடக்கும் திருட்டுக்குத்தான் அதில் இடமுண்டு. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும், நகைக்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லா நகையையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, பில்லையும் சேர்த்து வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருங்கள். புது நகைகளில் ஹால்மார்க்கோடு எச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் நகையை மீட்டாலும் நீதிமன்றம் வழியாகத்தான் கைக்கு வரும். அது நம்முடையது என்று காட்ட இவைதான் உதவும்.

ஒருவேளை திரும்பி வரும்போது கதவு உடைந்திருந்தால், பதறிப்போய் பீரோவை இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே ஆள் இன்னும் இருக்கலாம், கைரேகையும் அழிந்துவிடும். வெளியிலிருந்தே 100க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். புகாரில் பவுன் கணக்கைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், வருமான வரிக்குப் பயந்து குறைத்தும் சொல்ல வேண்டாம். குறைத்து எழுதிக் கொடுத்தவர்கள், மொத்த நகையும் பிடிபடும்போது மிச்சத்தைத் தங்களுடையது என்று நிரூபிக்க முடியாமல் திண்டாட வேண்டிவரும்.