கேரம் காய் பாதி வழியில் நிற்கிறதா?

உடனே பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். முதலில் காய்ந்த பருத்தித் துணியால் பலகை, காய்கள், ஸ்ட்ரைக்கர் மூன்றையும் துடையுங்கள். விரல் வியர்வையும் பழைய பவுடரும் சேர்ந்து படிந்த படலம்தான் பெரும்பாலும் காரணம். ஈரத்துணி கூடவே கூடாது, பிளைவுட் உப்பிவிடும். பிறகு ஒரு சிட்டிகை நைசான போரிக் பவுடரை நடுவில் தூவிக் காயாலேயே பரப்பினால் போதும். ஆடி முடித்ததும் கை கழுவுங்கள்.

காய் வளைந்து ஓடினால் கோளாறு வேறு. எதிரெதிர் குழிகளின் ஓரத்தில் நூலைப் பலகையோடு ஒட்டி இழுத்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் பலகை தொய்ந்திருக்கிறது. இனி சுவரில் சாய்க்காமல், சமதளத்தில் படுக்க வையுங்கள்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் வேண்டாம்: 1988இல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதியும் அதுவே.