லேப்டாப் வாங்கும்முன் ரேமைப் பாருங்கள்

குறுவை பணம் கையில் வந்ததும் பிள்ளைக்கு லேப்டாப் எடுக்கக் கும்பகோணமோ தஞ்சாவூரோ போகிறீர்கள் என்றால், விலை பேசுவதற்கு முன்னால் ரேமை, அதாவது புரோகிராம்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக மெமரியை, பாருங்கள். கடையில் வைத்திருக்கும் விண்டோஸ் மாடலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ஃபார்ம் ஃபேக்டர் வரியில் 'சோடிம்' என்றிருந்தால் ரேமைக் கழற்றி மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது, வாங்கியது வாங்கியதுதான்.

பற்றவைத்தது மோசமில்லை. இப்படிப் பற்றவைக்கும் எல்பிடிடிஆர்5எக்ஸ் என்ற ரேம் வகை வேகமானது, பேட்டரியும் குறைவாகத்தான் தின்னும். ஆனால் சிப் கெட்டால் போர்டுக்கே செலவு வைக்கலாம். அதில் 8 ஜிபி வேண்டவே வேண்டாம், 16 எடுங்கள்.

ரேம் செருகும் காலி ஸ்லாட் இருந்தால் சரி, இப்போதைக்கு 8 போதும், சம்பா அறுவடைக்கு அப்புறம் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். ரேமில் தலைமுறைகள் உண்டு, டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது, பார்த்து வாங்குங்கள்.