டிமோலால் சொட்டு மருந்தும் குறைந்த நாடித்துடிப்பும்

கண் அழுத்த நோய்க்கு 0.5% டிமோலால் போடத் தொடங்கியபின் எனக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 72-லிருந்து 54-க்கு இறங்கியது. எழுந்து நின்றால் தலைசுற்றல். காரணம் அந்தச் சொட்டுதான். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி.; கண் தாங்குவதோ 0.03 மி.லி.தான். மிச்சம் கண்ணீர்க்குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள சவ்வு மூலம் ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை போல முதலில் கல்லீரலைக் கடப்பதில்லை. அதனால் வீரியம் குறையாமல் இதயத்தை எட்டி, துடிப்பைக் குறைக்கிறது.

சரிசெய்தது இப்படி: கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. உடனே கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண்மூலைப் பள்ளத்தை ஆள்காட்டி விரலால் 3 நிமிடம் அழுத்துவது. மூக்குத்தண்டின் மேல் அழுத்திப் பயனில்லை, விழியின் மேல் அழுத்தவே கூடாது. கண் சிமிட்டக் கூடாது. ஒவ்வொரு சிமிட்டலும் மருந்தைக் குழாய்க்குள் தள்ளும். தொண்டையில் கசந்தால் விரல் சரியான இடத்தில் இல்லை. அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி.

இரண்டு வாரத்தில் நாடி 66. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் சாப்பிடுபவர்கள் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சொட்டும் மாத்திரையும் சேர்ந்து துடிப்பை இன்னும் இறக்கும். ஆஸ்துமாவோ, இதயத்தின் மின்துடிப்பு கடத்தப்படுவதில் தடையோ (heart block) இருந்தால் விரல் அழுத்தம் போதாது, மருந்தையே மாற்ற வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பார்வை நரம்பு சேதமானால் மீளாது.