மீனவக் குடும்பக் குறி வரைவது எப்படி?

போர்ச்சுகலின் வடபகுதிக் கடலோரத்தில் போவோவா டி வார்சிம் என்றொரு மீனவர் ஊர். அந்தக் காலத்தில் அங்கே வலை, படகு, தக்கை மிதவை, கல்லறை என எதிலும் குடும்பக் குறி இருக்கும். ‘சிக்லா’ என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்ததுமே இது இன்னார் வலை என்று சொல்லிவிடுவார். ஒரு குடும்பத்துக்கு நாமும் வரைந்து பார்ப்போம். பென்சில், தாள், சலவை சோப்புக்கட்டி ஒன்று, சின்னக் கத்தி போதும்.

படி 1: அப்பாவின் குறி

எறியீட்டி, சிறு படகு, நட்சத்திரம் போன்றவைதான் அடிப்படை வடிவங்கள். நாம் எறியீட்டியை எடுத்துக்கொள்வோம். நெட்டுக்குத்தாக ஒரு கோடு. உச்சியில் அம்புமுனை மாதிரி இரண்டு சாய்கோடுகள். வளைவு வேண்டாம்.

படி 2: மகன்களின் குறி

நான்கு மகன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எல்லாரும் தவறுவது இங்கேதான், நிதானமாகப் போடுங்கள். மூத்தவனுக்கு அப்பாவின் குறியோடு ஒரு சிறு கோடு கூடும். அதன் பெயர் ‘பீக்’. இரண்டாமவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு மூன்று. ஈட்டித்தண்டின் குறுக்கே போட்டால் பளிச்சென்று தெரியும். அடுத்து நான்கு போடக் கை தானாகப் போகும். நிறுத்துங்கள்! கடைக்குட்டிக்குப் பீக்கே கிடையாது. அப்பாவின் குறி அப்படியே அவனுக்கு வரும். வீட்டின் வாரிசு அவன்தான். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவனுடையது. மூத்த பிள்ளையையே முன்னிறுத்திப் பழகிய எனக்கு, இந்த வழக்கத்தை அறிந்தபோது மனசு நெகிழ்ந்துவிட்டது.

படி 3: கீறுதல்

இப்போது சோப்பை நான்கு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு மகனின் குறியாகக் கத்திமுனையால் கீறுங்கள். நேர்கோடு வழுக்கிக்கொண்டு போகும். வளைக்கப் பார்த்தால் ஓரம் பொடிந்து உதிரும். மரத்திலும் தக்கையிலும் கீறுகிற குறிக்கு நேர்கோடு எவ்வளவு தோது என்று உங்கள் விரலுக்கே புரியும்.

அந்தக் காலத்தில் அந்த ஊரில், கல்யாணமான அன்று தேவாலய மேசையில் தன் குறியைக் கீறுவார் மாப்பிள்ளை. அதுவே கையெழுத்து. கடைக்காரரின் கடன் கணக்கிலும் பெயருக்குப் பதில் குறிதான். அன்டோனியோ டோஸ் சான்டோஸ் கிராசா என்பவர் இவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். அவர் முயற்சியால் 1937-ல் ஊரில் அருங்காட்சியகமும் வந்தது.

நான்கு பேரின் குறியையும் கீறியாயிற்றா? வரிசையைக் கலைத்து வையுங்கள். படி 2-ஐ மட்டும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து, கடைக்குட்டி எவன் என்று கேட்டுப் பாருங்கள்.