பழைய காரின் ஹேண்ட் பிரேக்: கேபிளை முறுக்குவதற்கு முன்னால்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். டெல்டாவில் ஒரு கார் ஏறி இறங்கும் மேடு பள்ளம் பெரும்பாலும் இந்தப் பாலத்து ஏற்றங்களும் ஆற்றங்கரைச் சரிவுகளும்தான். மற்றதெல்லாம் சமதரை. அதனால் ஹேண்ட் பிரேக் தளர்ந்தது பல பேருக்கு மாதக்கணக்கில் தெரிவதே இல்லை. வீட்டு வாசலில் கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி அசையாமல் நிற்கும். ஆடிப்பெருக்கன்று படித்துறைக்கு இறங்கும் சரிவில், குழந்தைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் தெரியவரும். நம் கிராமத்துச் சாலைகளில் ஓரமாக நகர்ந்த காரைத் தடுக்கச் சுவர் ஏதும் கிடையாது. வாய்க்கால்தான் இருக்கிறது. இதைச் சின்ன ரிப்பேர் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

பிடிமானம் குறைந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, லீவர் பக்கத்தில் இருக்கும் கேபிள் நட்டை முறுக்குவது. கொஞ்ச நேர வேலை; லீவர் உடனே இறுகிவிடும். 15 ஆண்டு முடிந்த காரின் ஆர்.சி.யை அடுத்த 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும் முன், அவசர அவசரமாகப் பட்டறையில் செய்யச் சொல்வதும் இதைத்தான். இதில் என்ன தப்பு?

பின் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிரம்முக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். லீவரை இழுத்தால் கேபிள், பின் சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஒரு சிறிய நெம்புகோலை இழுக்கிறது. அது பிறை வடிவில் இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனர் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அந்த இடைவெளியைச் சரிசெய்ய டிரம்முக்குள்ளேயே அட்ஜஸ்டர் இருக்கிறது. அதைத் தொடாமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால், லீவரைக் கீழே இறக்கினாலும் உள்ளே நெம்புகோல் தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள கார்களில் அதன் வேலையும் நின்றுபோகும். லைனர் உரசிக்கொண்டே ஓடும், டிரம் சுடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், லைனர் இன்னும் வேகமாகத் தேயும். கொஞ்ச நாளில் லீவர் மறுபடி தளரும். மறுபடி நட்டை முறுக்குவார்கள். கடைசியில் முறுக்க மரையே மிச்சம் இருக்காது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கேபிளைத் தளர்த்திவிடுங்கள். அப்புறம் இரண்டு பின் சக்கரங்களிலும் ஷூ இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பல்சக்கர அட்ஜஸ்டராக இருந்தால், கார்ச் சக்கரம் கையால் சுற்ற வராத அளவுக்கு அதை இறுக்கி, பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றும்வரை பின்னுக்குத் தளர்த்த வேண்டும். மெல்லிய உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை. தானாக இயங்கும் வகையில் கால் பிரேக்கைப் பல தடவை அழுத்தி விட்டாலே ஷூ தன் இடத்துக்கு வந்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேபிள். லீவரை இழுக்கும்போது எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். பல சிறிய கார்களில் 4 முதல் 8 வரை இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ளதே கணக்கு. இரண்டாவது கிளிக்கிலேயே கல் மாதிரி நின்றால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டிரம்மைக் கழற்றாமலேயே வேலையை முடிக்கப் பார்ப்பது அடுத்த தவறு. நம் பக்கத்துப் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் எதுவாக இருந்தாலும் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். வயல் வரப்போரம் ஓடும் காராக இருந்தால், ஷூக்கள் மாட்டியிருக்கும் பின்தட்டின் மூலையில் களிமண் தூள் லைனர் தூளோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிராது, பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். அது உள்ளே வரும் வழியையும் பாருங்கள். பின்தட்டில் அட்ஜஸ்டரைத் திருப்புவதற்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். அதற்கு ரப்பர் மூடி உண்டு. பல பழைய கார்களில் அந்த மூடி காணாமல்போய் வருஷங்கள் ஆகியிருக்கும். சொற்ப விலைச் சாமான். மறக்காமல் போடுங்கள்.

தூளை வாயால் ஊதவும் வேண்டாம், ஏர் பிடித்து அடிக்கவும் வேண்டாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் கெடுதல். முகத்தை மூடிக்கொண்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

டிரம் வரவில்லை என்று சுத்தியலால் விளிம்பில் அடிப்பதையும் பார்க்கிறோம். அது வார்ப்பிரும்பு, விரிசல் விடும். பல டிரம்களின் முகப்பில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். சரியான அளவு போல்ட்டுகளை அவற்றில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். அதற்கு முன் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அட்ஜஸ்டரையும் தளர்த்தியிருக்க வேண்டும்.

உள்ளே ஈரமாக இருந்தால் நின்று நிதானியுங்கள். கால் பிரேக்கை அழுத்தும்போது ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பரைத் தள்ளிப் பார்த்தால் பிரேக் ஆயில் கசிகிறதா என்று தெரியும். அம்பாசிடர் போல எஞ்சின் முன்னாலும் ஓட்டும் சக்கரம் பின்னாலும் உள்ள கார்களில் அச்சு சீல் போய் கியர் ஆயிலும் வரும். ஆயில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஊறியது ஊறியதுதான், சூடானதும் மறுபடி வெளியே வரும். கசிவை நிறுத்துங்கள், ஷூவை மாற்றுங்கள், அதுவும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் பிடிமானம் ஒரு பக்கமாக இழுக்கும். கழற்றும்போது மட்டும் ஒரு சக்கரத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேபிள் விஷயத்தில் டெல்டாவுக்கென்று தனித் தொல்லை இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் தேங்கும் தண்ணீர். போதாக்குறைக்கு அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பியிருக்கும் உளுந்துச் செடியின் மேலும் வைக்கோல் மேலும் ஓட்டினால் காம்புகள் அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கேபிளின் வெளியுறை ஒரு இடத்தில் கிழிந்தாலும் தண்ணீர் உள்ளே போய் கம்பி துருப்பிடிக்கும். அதில் எஞ்சின் ஆயிலை ஊற்றி இரண்டு நாள் இழுத்துப் பார்ப்பது காலத்தை ஓட்டுவதுதான். துருப்பிடித்து இழை விட்ட கேபிளை மாற்றியே ஆக வேண்டும்.

மழையில் நனைந்து வந்த காரை ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் நிறுத்தவும் கூடாது. லைனரும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள்.

ஆனால் சரிவில் கியரை மட்டும் நம்பாதீர்கள். கியரில் போட்ட வண்டியைப் பிடித்து வைப்பது எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம்தான். தேய்ந்த எஞ்சினில் அது குறைவு, வண்டி மெல்ல மெல்ல நகரும். ஹேண்ட் பிரேக், கியர், கட்டை மூன்றும் இருக்கட்டும். ஸ்டியரிங்கை, வண்டி நகர்ந்தாலும் தண்ணீர்ப் பக்கம் போகாதபடி திருப்பி வையுங்கள்.

ஜாக்கி போடுவதில் செய்யும் தவறு உயிருக்கு உலை வைக்கும். பின் சக்கரங்களைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்த கார் தரையில் நிற்பது முன் சக்கரங்களில் மட்டும்தான். அவற்றுக்கு இரு பக்கமும் கட்டை வேண்டும். நம் களிமண் தரையில் ஜாக்கி புதையும். அடியில் கனமான பலகை போடுங்கள், கூடுமானவரை சிமெண்ட் தரையில் செய்யுங்கள். காரைத் தாங்க ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல் எந்த நேரத்திலும் நொறுங்கும்.

எல்லாம் முடிந்ததும், சக்கரங்கள் தூக்கியிருக்கும்போதே ஒருவர் லீவரை ஒவ்வொரு கிளிக்காக இழுக்க, இன்னொருவர் இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கிளிக்கில் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். ஒன்று முந்தினால் ஒரு பக்கத்துக் கேபிள் சிக்கியிருக்கிறது, அல்லது கேபிள் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் சமன் கட்டை துருவில் திரும்பாமல் நிற்கிறது. லீவரைக் கீழே விட்டதும் இரண்டும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சரிவில், கீழே தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து, கால் பிரேக்குக்கு மேலேயே பாதத்தை வைத்துக்கொண்டு சோதியுங்கள். ஏற்றத்தைப் பார்த்து ஒரு தடவை, இறக்கத்தைப் பார்த்து ஒரு தடவை. புது ஷூ டிரம்மோடு முழுசாகப் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், புதுக் கேபிளும் அதற்குள் கொஞ்சம் இளகும். அப்போது கிளிக்கை இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் மறுபடியும் ஷூவிலிருந்தே தொடங்குங்கள்.