வாய்ப்புண் நாட்களில் மகளுக்குச் சாப்பாடு இறங்கிய விதம்

ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து ஏறிய அடுத்த வாரம் மகளுக்கு வாயெல்லாம் புண். ரசம் சாதத்தைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். புளி, தக்காளி, மிளகு எல்லாமே புண்ணில் எரியும். ரசத்தை நிறுத்தினேன்.

ராகிக் கூழை நன்றாக வேகவைத்து, வடிகட்டி, காய்ச்சிய பால் ஊற்றி, ஆறவைத்துக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சாப்பிடுவதே கொஞ்சம் என்பதால் கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன் நெய். எவர்சில்வர் ஸ்பூனை வாயில் வைத்தால் "இரும்பு மாதிரி இருக்கு" என்பாள். கீமோவில் நாக்கின் ருசி அப்படி மாறும். பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கியதும் அந்தப் புகார் போனது. சாப்பிட்டபின் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளிப்பு. அளவை நர்ஸ் சொல்லித் தந்தார்.

வெள்ளை அணுக்கள் குறைந்த நாட்களில் கிருமி எளிதில் தொற்றும் என்பதால் பச்சைச் சட்னி, வெளிச் சாப்பாடு, வெட்டி வைத்த பழம் கிடையாது. வேளைக்கு வேளை புதிதாகச் சமைத்தேன். முட்டையில் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வேண்டும். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) ஏறும் என்று உறவினர் கொண்டுவந்த பப்பாளி இலைச் சாற்றை, டாக்டரைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனஸ்தாபம்தான், பரவாயில்லை.

அப்புறம் ஸ்டீராய்டு தொடங்கியதும் கதை தலைகீழ். நள்ளிரவில் எழுந்து இட்லி கேட்பாள். சிப்ஸ், ஊறுகாயின் உப்பு உடம்பில் நீர் கோக்கும் என்பதால் அவற்றை வீட்டில் வைக்கவில்லை. ஃபிரிட்ஜில் உப்பு குறைத்த மாவு எப்போதும் இருக்கும், கேட்டதும் ஊற்றிவிடுவேன்.