சிறுநீரக வைத்தியர்களும் சமூக ஊடகமும்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ பணியாற்றும் வைத்தியருக்கு, புதிய ஆய்வொன்றைப் பற்றிப் பேசிப் பார்க்க ஆள் கிடைப்பது அரிது. எக்ஸ் தளம் அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. ட்விட்டர் என்ற பெயரில் அது இருந்த 2014இல் அங்கே தொடங்கிய, சிறுநீரக ஆய்வுகளை அலசும் நெஃப்ஜேசி விவாதங்களில், ஆய்வை எழுதியவர்களே வந்து பதில் சொன்னதுண்டு. ஆனால் விவாதத்தைப் பார்த்துவிட்டு ஆய்வைப் படிக்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வையே எடுத்துக்கொள்வோம். டபாகிளிஃப்ளோசின் மருந்து, சிறுநீரக நோயாளிகளுக்கு வரும் பாதிப்பை 39 சதவீதம் குறைத்தது என்ற வரி கைக்குக் கை பரவியது. உண்மையில் போலி மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேருக்கு வந்த பாதிப்பு, இந்த மருந்து பெற்றவர்களில் 9.2 சதவீதம் பேருக்கு வந்தது, அதுவும் நல்ல பலனே. ஆனால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கணிசமாக வெளியேறியவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் கண்ட நம் விவசாயிகளுக்குப் பெரும்பாலும் புரதம் அதிகம் வெளியேறுவதில்லை. அவர்களில் பலர் அந்த ஆய்வுக்குள்ளேயே வந்திருக்கமாட்டார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) 20க்கும் 45க்கும் இடையில் இருந்தவர்களை அல்புமின் பாராமல் சேர்த்தது, அதே வகை மருந்தான எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்த எம்பா-கிட்னி ஆய்வு. கிளினிக்கில் எதிரே இருப்பவருக்கு அதுதான் பொருந்தும். அதிலும் அல்புமின் மிகக் குறைந்தவர்களிடம் பிரதான பலன் தெளிவாகத் தெரியவில்லை. வெயிலில் வயலில் நிற்பவருக்கு இவ்வகை மருந்தை எழுதினால், வாந்தி, வயிற்றோட்டம் வரும் நாளில் நிறுத்தும்படியும் சொல்லி அனுப்ப வேண்டும். தளத்தில் பகிரப்படும் ஆய்வுச் சுருக்கப் படத்தில் இதற்கெல்லாம் இடமிருப்பதில்லை.

அடுத்தது, நோயாளியின் கதையைப் பதிவிடுவது. பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்கிறோம். "நெடுங்கேணி, அறுவடைக் காலம், கண்ணாடி விரியன் கடி, சிறுநீர் நின்றுவிட்டது" என்று எழுதினால் ஊருக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிள்ளைகளின் கைபேசிக்கும் அது போகும். வன்னிக் கிராமங்களில் நோய்ச் செய்தி திருமணப் பேச்சைக்கூடக் குலைக்கும். ஊர், திகதி, வயது, வைத்தியசாலை இலக்கம் எதுவும் வேண்டாம். நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் படமும் வேண்டாம். வட்ஸ்அப் குழு மூடியது என்பதும் பாதுகாப்பல்ல.

மருந்து நிறுவனங்களிடம் பணம் பெறுபவர் யாரென்று பார்க்காமல் நிபுணர் கருத்தை ஏற்பதும் தவறே.

இன்னொன்று, வெறுமனே வாசித்துக்கொண்டிருப்பது. விரியன் கடியால் சிறுநீரகம் பழுதான ஒருவரைக் கண்ணால் கண்டிராத வைத்தியர்கள் அந்த விவாதங்களில் ஏராளம். அவர்கள் கேட்கும்போது பதில் எழுதுங்கள்.